வீதிய, டிரைவ், மாவத்தை, லயம்

மலைநாட்டுப் பாதைகளின் கதை – 9

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரோடு வந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் போட்ட திட்டம், அதை மலையில் நடத்திக் காட்டிய கப்டன் டோசன், அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் வரை வந்து நின்றோம். பாதை வெட்டியாயிற்று. அதற்குப் பெயர் வைக்க வேண்டும். யார் வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பதுதான் இந்தப் பகுதி.

ஒரு வீதியின் பெயரில் இரண்டு பாகம் உண்டு. முன்பாகத்தில் ஓர் அரசர், ஓர் ஆளுநர், ஒரு தலைவர், ஓர் ஊர் என்று யாராவது இருப்பார்கள். அதைத்தான் நாம் கவனிக்கிறோம். சண்டை வருவதும் அதற்காகத்தான். வீதி, தெரு, ஒழுங்கை, மாவத்தை, டிரைவ் என்று வரும் பின்பாகத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அந்தப் பாதை யாருடைய வசதிக்காகப் போடப்பட்டது என்பதைச் சொல்வது அந்தப் பின்பாகம்தான். கண்டி நகரிலிருந்து ஹேவாஹெட்டத் தோட்டங்கள் வரை அந்தச் சொற்களைத் தொடர்ந்து போனால், இருநூறு வருட மலைநாட்டுச் சரித்திரம் வரிசையாக வந்து நிற்கும்.

பெரஹரா போகும் வீதிய

கண்டியின் மிகப் பழைய சொல் 'வீதிய'. தலதா வீதிய, ராஜ வீதிய, யட்டிநுவர வீதிய, கொட்டுகொடெல்ல வீதிய. தமிழின் வீதியும் சிங்களத்தின் வீதியவும் ஒரே வேரில் வந்தவை. வேர் மட்டுமல்ல, வழக்கமும் ஒன்றுதான். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக ஓடுகின்றன. அவற்றின் பெயர்கள் தமிழ் மாதங்களையும் அந்த மாதங்களின் திருவிழாக்களையும் ஒட்டியவை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் உள்வீதி, வெளிவீதி என்பார்கள். சுவாமி சுற்றிவரும் இடமே அங்கே வீதி. கண்டியிலும் அப்படித்தான். எசல மாதத்தில் தலதா மாளிகையின் பெரஹராவும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹராக்களும் இந்த வீதியங்கள் வழியாகத்தான் இன்றும் போகின்றன. ஆக, கண்டியில் வீதிய என்பது முதலில் ஊர்வலத்துக்கான இடம். வண்டிக்கும் வியாபாரத்துக்கும் அது இடம் கொடுத்தது பிற்பாடு.

ஊர்வலத்துக்கான இடம் என்றால் அதில் வரிசையும் தகுதியும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கண்டி அரசனிடம் அகப்பட்டு 1660 முதல் 1679 வரை இங்கே வாழ்ந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், சாதாரண குடிகள் வீட்டுக்கு ஓடு வேயவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதியில்லை என்று எழுதினார். வீதியில் யார் குடியிருக்கலாம் என்பதைப் போலவே, எப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கலாம் என்பதும் அரசனின் தீர்மானமாக இருந்தது.

அந்த வீதிகளில் ஒன்று தமிழருக்கு நெருக்கமானது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தார். அவர்களுடைய உறவினர் குடியிருந்த தெருவுக்குக் குமாருப்பே வீதிய என்று பெயர். ஆங்கிலேயர் வந்தபின் அதை 'மலபார் ஸ்ட்ரீட்' ஆக்கினார்கள். அக்காலத்து ஐரோப்பியருக்குத் தமிழ் பேசுவோர் எல்லாரும் மலபார்கள்தான். கேரளத்து மலபாருக்கும் இந்தத் தெருவுக்கும் தொடர்பில்லை. 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பிடிக்கப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832-இல் அங்கேயே காலமானான். உறவினரும் கப்பலேறினார்கள். ஆட்கள் போய்விட்டார்கள்; வெள்ளைக்காரன் வைத்த பெயர் தெருவில் தங்கிவிட்டது.

சீமாட்டிகளின் டிரைவ்

ஆங்கிலேயர் கண்டியில் பெயர் வைத்தபோது முதலில் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, ஊரின் பெயர்: கொலம்போ ஸ்ட்ரீட், டிரின்கோமலி ஸ்ட்ரீட். மற்றது, ஆளுநரின் பெயர். 1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்த ஹென்றி வார்ட் பெயரில் வார்ட் ஸ்ட்ரீட் வந்தது. இன்றைய தலதா வீதியதான் அது. நேரே ஓடும் தெருவைக் குறுக்கே வெட்டும் தெரு 'கிராஸ் ஸ்ட்ரீட்' ஆயிற்று. கொழும்புப் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று எண்ணிக்கையோடு வழங்குவதும் இந்த வகைதான்.

இவற்றோடு இன்னொரு சொல்லும் வந்தது: டிரைவ். கண்டி அரண்மனைக்குப் பின்னால் உள்ள உடவத்தக்கலைக் காடு முன்பு அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது. ஆளுநர்கள் அந்தக் காட்டுக்குள் பாதைகள் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆளுநர் மனைவியின் பெயரை வைத்தார்கள். லேடி ஹோர்ட்டன்ஸ் டிரைவ், லேடி கோர்டன்ஸ் டிரைவ், லேடி மெக்கலம்ஸ் டிரைவ். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் மனைவி ஆன், லண்டனில் பேரழகி என்று பெயரெடுத்தவர். 1814-இல் கவிஞர் பைரன் அவரை ஒரு விருந்தில் கண்டு கவிதை எழுதியது ஆங்கில இலக்கியத்தில் தெரிந்த செய்தி. கோர்டன் 1883 முதல் 1890 வரையும், மெக்கலம் 1907 முதல் 1913 வரையும் ஆண்டவர்கள்.

டிரைவ் என்பது எந்த ஊருக்கும் போய்ச் சேர வேண்டிய பாதையல்ல. குதிரை வண்டியில் மாலைக் காற்று வாங்கச் சுற்றிவருவதற்கான பாதை. அப்படி வேலைக்கு உதவாத ஒரு வளைவுப் பாதையை மலையில் வெட்டுவதற்கு ஆள்பலம் வேண்டும். ஆங்கிலேயர் ரோட்டு வேலைக்கு ஆள்பலத்தை எப்படித் திரட்டினார்கள் என்பதற்கு 1848-ஆம் ஆண்டு வீதிச் சட்டம் ஒரு சாட்சி. வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஆறு நாள் ரோட்டில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும் என்றது அது. அந்த வருடம் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். வெட்டியவன் பெயர் எந்த டிரைவிலும் இல்லை.

மாவத்தை வந்த காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு பலகைகள் மாறத் தொடங்கின. டிரின்கோமலி ஸ்ட்ரீட், முதல் பிரதமரின் பெயரால் டி. எஸ். சேனாநாயக்க வீதிய ஆயிற்று. பேராதனைப் பக்கம் போகும் பெருவீதி வில்லியம் கோபல்லாவ மாவத்தை. குளத்தோரம் சங்கராஜ மாவத்தை. பதினெட்டாம் நூற்றாண்டில் பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் கொடுத்த வெலிவிட்ட சரணங்கர தேரரின் நினைவு அது. 1753-இல் சயாம் தேசத்துப் பிக்குகளை வரவழைத்து உபசம்பதா என்ற துறவுத் தீட்சையை மீண்டும் தொடங்கி வைத்தபோது, அவருக்குத் துணையாக நின்ற அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஒரு நாயக்கன். சங்கராஜ மாவத்தையில் நடக்கிற தமிழர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மாவத்தை என்றால் பெரும்பாதை. புதிய அரசு, புதிய பெருமையோடு எடுத்துக்கொண்ட சொல் அது. பெருவீதிகளுக்கு என்று தொடங்கிய சொல், நாளடைவில் நூறு யார் நீளமுள்ள சந்துக்கும் வைக்கப்பட்டது. பலகையில் தமிழிலும் 'மாவத்தை' என்றே எழுதுகிறோம். லேன் என்பது தமிழில் ஒழுங்கை, சிங்களத்தில் பட்டுமக. இந்தியத் தமிழர் சாலை என்று சொல்வதை நாம் வீதி என்கிறோம்; அவர்கள் மைல் கல் என்று சொல்லும் இடத்தில் நமக்குக் கட்டை. நாலாம் கட்டை, ஆறாம் கட்டை என்று மைல் கல்லே ஊர்ப்பெயர் ஆகிவிட்ட இடங்கள் இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழர் வாயில் இன்றும் வழங்குகின்றன. ரோடு போட்டவன் நட்ட கல்லைச் சுற்றிக் கடை வந்தது, கடையைச் சுற்றிக் குடி வந்தது, கல்லின் எண்ணே பெயராக நின்றது. சிங்கப்பூர்த் தமிழர் மலாய்ச் சொற்களான ஜாலானையும் லோரோங்கையும் அப்படியே தமிழில் சொல்வதைப் போலத்தான் நாம் மாவத்தையைச் சொல்வதும். ஆட்சி எந்த மொழியில் நடக்கிறதோ, அந்த மொழியின் பின்பாகம் பலகையில் ஏறும்.

ஹேவாஹெட்ட: வீதி முடியும் இடம்

கண்டியிலிருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா, மாரஸ்ஸன என்று ஏறினால் ஹேவாஹெட்ட. கண்டி இராச்சியத்தின் பழைய 'ரட்ட'ப் பிரிவுகளில் ஒன்று. ஹேவா என்றால் போர்வீரர், ஹெட்ட என்றால் அறுபது. அரசனுக்கு அறுபது வீரர்களைக் கொடுத்த நாடு என்று ஊர்க்கதை சொல்லும். உட ஹேவாஹெட்ட, பாத்த ஹேவாஹெட்ட என்று மேலும் கீழுமாக அது பிரிந்து கிடக்கிறது. மேல்பகுதி இன்று நுவரெலியா மாவட்டத்தில், கீழ்ப்பகுதி கண்டி மாவட்டத்தில். 1664-இல் கலகம் எழுந்தபின் இரண்டாம் இராஜசிங்கன் தங்கிய ஹங்குரான்கெத்த இந்த நாட்டில்தான் இருக்கிறது. நொக்ஸும் தம் நூலில் ஹேவாஹெட்டவைச் சொல்கிறார்.

கோப்பி வந்து, பிறகு தேயிலை வந்தபோது, ஹேவாஹெட்டவின் மலைகளில் பெயர் வைக்கும் முறையே வேறாயிற்று. இங்கே லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852-இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867-இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டது இங்கேதான். இலங்கைத் தேயிலையின் வணிகப் பயிர்ச்செய்கை தொடங்கிய அந்த நிலத்துக்கு என்ன பெயர்? ஏழாம் நம்பர் மலை. ஒரு நாட்டின் தலைவிதியை மாற்றிய துண்டு நிலத்துக்கு விலாசம் ஓர் எண். டெய்லர் 1892-இல் இறந்தார்; கண்டி மஹய்யாவ மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கருங்கல் இருக்கைக்குக்கூட 'டெய்லரின் ஆசனம்' என்று பெயர் உண்டு. அந்தப் பத்தொன்பது ஏக்கரில் குழி வெட்டியவர்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்துவந்த தமிழ்நாட்டு மக்கள். அவர்கள் நடந்த பாதையை நினைவுகூர்ந்து 2023-இல் மலையகத்தின் இருநூறாவது ஆண்டுக்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடியும் நடந்தார்கள்.

கணக்கு, மலை, லயம், காம்பரா

லூல்கந்துர, ஹோப், ரஹதுங்கொட, முல்லோயா என்று ஹேவாஹெட்டப் பக்கம் எந்தத் தோட்டத்தை எடுத்தாலும், உள்ளே வீதி என்ற பெயரில் எதுவும் கிடையாது. தோட்டம் டிவிஷன்களாகப் பிரியும். நம் ஆட்கள் டிவிஷனைக் கணக்கு என்பார்கள்: மேல்கணக்கு, பணியக்கணக்கு. பணிய என்றால் கீழே. டிவிஷனுக்குள் தேயிலை நிலம் நம்பர் மலைகளாகப் பிரியும். குடியிருப்பு லயங்களாகப் பிரியும். லயம் காம்பராக்களாகப் பிரியும்.

இந்த நான்கு சொற்களில் ஒன்றுகூடப் பாதையைக் குறிப்பதில்லை. கணக்கு என்பது கம்பெனியின் நிர்வாகப் பிரிவு. நம்பர் மலை என்பது எத்தனை நாளைக்கொரு முறை கொழுந்தெடுக்க வேண்டும், எந்த வருடம் கவ்வாத்து வெட்ட வேண்டும் என்று துரை கணக்கு வைப்பதற்கான அடையாளம். லயம் என்பது இந்தியாவில் பட்டாளத்தாரின் குடியிருப்பு வரிசைக்கு ஆங்கிலேயர் வழங்கிய 'லைன்ஸ்' என்ற சொல். காம்பரா, போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பெரும்பாலும் சொல்லப்படும் ஓர் அறை. நான்கும் வேலை வாங்குகிறவர் ஆளையும் நிலத்தையும் எண்ணுவதற்கு ஏற்பட்டவை. வீட்டைவிட்டு வெளியே வந்து ஒருவர் மற்றவரைப் பார்க்கப் போகும் வழிக்கு அந்த அமைப்பில் பெயர் தேவைப்படவில்லை.

ஆனால் பெயரில்லாமல் மனிதர் வாழ்வதில்லை. கம்பெனி வைக்காத பெயர்களை மக்கள் வைத்தார்கள். ஒருவர் வீட்டுக்கு வழி கேட்டால் வரும் பதிலைக் கவனித்துப் பாருங்கள்: "ஸ்டோரைத் தாண்டிப் போங்க தம்பி. கொழுந்து மடுவம் வரும். அதுக்கு மேல பெரட்டுக்களம். களத்துக்குப் பக்கத்துல குறுக்கு ஏறுனா பீலிக்கரை. பீலியில இருந்து பார்த்தா ரெண்டு லயம் தெரியும், மேல இருக்கறது புது லயம், பணிய இருக்கறது பழைய லயம். பழைய லயத்துல தொங்கக் காம்பரா." ஸ்டோர் தேயிலைத் தொழிற்சாலை. மடுவம் கொழுந்து நிறுக்கும் இடம். பெரட்டுக்களம் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுக்கும் களம். பீலி தண்ணீர் பிடிக்கும் இடம். தொங்கக் காம்பரா லயத்தின் கடைசி அறை. குறுக்கு என்பது கார் ரோட்டின் வளைவுகளைச் சுற்றிப் போகாமல், தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை. கார் ரோடு துரையின் வாகனத்துக்காகவும் கொழுந்து லொறிக்காகவும் போடப்பட்டது; குறுக்கு, தலைமுறை தலைமுறையாக நடந்தே மக்கள் போட்டது. தோட்டத்தில் நம்மவர்கள் தமக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒரே பாதை வகை அதுதான்.

பெயர் வைக்கும் இந்தத் திறமை தெய்வங்கள் வரைக்கும் போயிருக்கிறது. ஸ்டோரில் ஓடும் ரோதைக்கு, அதாவது சக்கரத்துக்கு, ரோதைமுனி. கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துச்சாமி. அந்தச் சாமி இருக்கும் மரத்தடி, அந்தப் பக்கம் போகிற பாதைக்கு அடையாளமாகும். ஆயினும் இவற்றில் ஒன்றும் எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

தப்பால்காரர் கொண்டுவந்த கடிதம்

வீதிப் பெயர் இல்லாததன் பலன் கடித உறையில் தெரியும். பெயர், டிவிஷன், தோட்டம், ஹேவாஹெட்ட என்று எழுதினால் முடிந்தது. அந்த விலாசம் ஒருவருடைய வாசலுக்கு வந்து சேராது. தோட்டத்து ஆபீஸுக்கு வந்து சேரும். முன்பு இதற்கென்றே தோட்டத்தில் ஒரு தப்பால்காரர் இருந்தார். தினமும் தபால் கந்தோருக்கு நடந்துபோய்ப் பையில் கடிதங்களை வாங்கிவருவது அவர் வேலை. முதலில் துரையின் கடிதம், பிறகு ஐயாமாரின் கடிதம், கடைசியில் லயத்துக் கடிதம். தமிழ்நாட்டிலிருந்து வந்த மரணச் செய்தியும், பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த பதிலும் அந்த வரிசையில்தான் வந்தன. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆகி, 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட ஒரு சமூகத்துக்கு, குறித்த தேதிக்குள் வந்துசேர வேண்டிய கடிதம் எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் தவறிக் கிடைத்த கதையைத் தோட்டங்களில் இன்றும் கேட்கலாம்.

விலாசம் ஒரு வசதி மட்டுமல்ல, உரிமையும்கூட. அதைத் தர வேண்டிய பிரதேச சபைக்குச் சட்டமே தடையாக இருந்தது. 1987-ஆம் ஆண்டு 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ், தோட்டத்துக்குள் இருக்கும் பாதைகள் கம்பெனியின் காணிக்குள் அடங்கியவை. சபை தன் பணத்தை அங்கே செலவிட முடியாது என்ற நிலை இருந்தது. வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பிய மக்கள், அந்த உறுப்பினரிடம் தம் லயத்துப் பாதையைச் செப்பனிடச் சொல்ல முடியாது. 2018-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்குள்ளும் சபை சேவை செய்ய வழி பிறந்தது. அதே வருடம் செப்டெம்பரில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் மகாத்மா காந்திபுரம் திறக்கப்பட்டது. லயத்துக்குப் பதில் தனி வீடு, கணக்குக்குப் பதில் புரம். பின்பாகம் மாறியதும் குடியிருப்பவரின் நிலையும் மாறத் தொடங்கியதற்கு அது கண்கூடான உதாரணம்.

முல்லோயாப் பாதைக்கு ஒரு பெயர்

ஹேவாஹெட்டவைப் பற்றி எழுதிவிட்டு முல்லோயாவைச் சொல்லாமல் போவது பாவம். 1940 ஜனவரி 10-ஆம் தேதி முல்லோயாத் தோட்டத்தில் பதினாறு சதம் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலீஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்தச் சம்பவத்தை ஒட்டிப் பொலீஸ் அதிகாரம் யாருடையது என்று ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் இடையே எழுந்த பிணக்கில் அமைச்சரவையே பதவி துறந்தது. ஒரு லயத்துத் தொழிலாளியின் மரணம் கொழும்பு அரசாங்கத்தை அசைத்தது.

கண்டியில் காற்று வாங்கப் போன சீமாட்டிகளின் பெயரில் பாதைகள் உண்டு. கூலி கேட்டு உயிர் விட்டவரின் பெயர் ஹேவாஹெட்ட மலைக்கு ஏறும் பாதையின் பலகையில் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. அந்தப் பாதைக்கு எந்தப் பின்பாகமும் பொருந்தும். மாவத்தை என்றாலும் சரி, வீதி என்றாலும் சரி. சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. தோட்டங்களை உள்ளடக்கிய பிரதேச சபைகளின் தமிழ் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவரலாம்: ஒவ்வொரு லயத்துப் பாதைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் இலக்கம்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்தில் குறுக்குகளுக்கும், பீலிகளுக்கும், பழைய லயங்களுக்கும் பெரியவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். லயங்கள் இடிக்கப்பட்டுப் புது வீடுகள் எழும்போது, அந்தப் பெயர்களே வீதிகளுக்குச் சூட்டப்பட வேண்டும். வெளியிலிருந்து பெயர் கொண்டுவர வேண்டிய அவசியம் மலையகத்துக்கு இல்லை.

(தொடரும்)